“கோடரி” என்றால் என்ன? கேட்பது குற்றமா?

“என் கோடரியை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போகிறேன். ஒரு வாரம் என்னைத் தேடாதே!”

அமெரிக்காவில் ஒரு வாலிபன் தன் நண்பனிடம் இப்படிச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பக்கத்தில் இருந்தால் என்ன நினைப்போம்?

“பாவம், படிக்கிற பையன். பிழைப்புக்காக விறகு வெட்டப் போகிறான்” என்று இரக்கப்படுவோம்.

இரக்கப்பட வேண்டாம். அவன் கிதார் பழகப் போகிறான்!

கிதார் பிரியர்களின் பேச்சில் “கோடரி” என்றால் கிதார். “விறகுக் கொட்டகைக்குப் போவது” என்றால், யாருடைய தொந்தரவும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்வது.

இந்த இரண்டு சொற்களும் அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்களிடம் இருந்து வந்தவை. முதலில் அவர்கள் “கோடரி” என்று சொன்னது சாக்ஸபோன் என்ற ஊதும் வாத்தியத்தைத்தான். பிறகு கிதார்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் வாத்தியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நன்றாக வாசிக்கிறவனைப் பார்த்து, “அவனுக்கு நல்ல தாடை இருக்கிறது” என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்லுவார்கள். ஊதுகிறவனுக்குத் தாடையும் உதடும் உறுதியாக இருக்க வேண்டும். அதனால் வந்த பேச்சு அது. கிதார் வாசிக்கத் தாடை எதற்கு? விரல் அல்லவா வேண்டும்? ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது.

இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள் கிதார் உலகத்தில் நடமாடுகின்றன. சொற்கள் மட்டும் அல்ல; சொற்களைச் சுருக்கி, முதல் எழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிற வழக்கமும் இருக்கிறது. ஜி.ஏ.எஸ்., பி.ஏ.எப்., எச்.எஸ்.எஸ்., எம்.ஐ.ஜே. என்று எழுத்தாகவே பேசுவார்கள்.

பக்கத்தில் நிற்கிற புதியவனுக்கு ஒன்றும் புரியாது. கேட்கவும் வெட்கம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

இந்த வெட்கத்தைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன்.

இலக்கணத்தில் இடம் உண்டு

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் தனிப் பேச்சு வைத்துக்கொள்வது உலகத்துக்குப் புதிது அல்ல. நம் தமிழ் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: குழூஉக்குறி. குழு என்றால் கூட்டம். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட குறிச்சொல்.

பொற்கொல்லர்கள் பொன்னைப் “பறி” என்பார்கள். யானைப் பாகர்கள் ஆடையைக் “காரை” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த உதாரணங்கள் நினைவு இருக்கும்.

சந்தையில் மாட்டுத் தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். வாய் பேசாது, விரல் பேசும். மாட்டின் விலை முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற விவசாயிக்கு, தன் மாடு என்ன விலைக்குப் போகிறது என்பதே தெரியாது!

பொற்கொல்லரின் சொல், தொழில் செய்கிறவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு. துண்டுக்குள் பேசும் விரல், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் இருப்பதற்கு.

கிதார்காரர்களின் பேச்சிலும் இந்த இரண்டு ஜாதியும் இருக்கின்றன. ஒன்று, புதியவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. இன்னொன்று, அவன் பையில் கையை விடுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறக் கூடாது என்பது என் கருத்து.

கையைப் பிடித்து அழைப்பவை

நல்லதை முதலில் சொல்லுகிறேன்.

கிதாரில் ஆறு கம்பிகள். தடித்த கம்பியில் இருந்து மெல்லிய கம்பி வரை அவற்றின் சுரங்களுக்கு இ, ஏ, டி, ஜி, பி, இ என்று இங்கிலீஷ் எழுத்துக்களால் பெயர். சிறு பிள்ளைக்கு இது எப்படி மனத்தில் நிற்கும்?

ஒரு வேடிக்கை வாக்கியம் செய்து வைத்திருக்கிறார்கள். “எடி வெடிமருந்தைத் தின்றான், போய் வா, எடி!” என்று அதற்குப் பொருள். இங்கிலீஷில் அந்த வாக்கியத்தின் ஆறு சொற்களுக்கும் முதல் எழுத்தைப் பார்த்தால், ஆறு கம்பிகளின் பெயரும் வரிசையாக வந்துவிடும்! ஒரு தடவை கேட்ட பிள்ளை, கிழவன் ஆனாலும் மறக்க மாட்டான்.

அடுத்தது “டாப்” என்பது. இதுவும் ஒரு சுருக்கந்தான். டாப்லேச்சர் என்ற நீண்ட சொல்லை வெட்டிச் சுருக்கினார்கள்.

மேல்நாட்டு இசையைப் புள்ளிகளும் கோடுகளுமாக எழுதுவார்கள். அதைப் படிக்கத் தனியாகக் கற்க வேண்டும். டாப் முறையில் அந்தக் கஷ்டம் இல்லை. ஆறு கோடு போடுவார்கள். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோட்டின் மேல் 3 என்று எழுதியிருந்தால், அந்தக் கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்த வேண்டும். 0 என்று இருந்தால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். எண் தெரிந்தால் போதும்!

இது நேற்று வந்த முறை என்று நினைக்காதீர்கள். கிதாருக்கு உறவான லூட் என்ற வாத்தியத்துக்காக, 1507-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரத்தில் இந்த முறையில் புத்தகம் அச்சிட்டார்கள். 500 ஆண்டுகளாக, இசை எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களையும் அது வாசிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஒன்று, எச்.எஸ்.எஸ். இதைப் புரிந்துகொள்ள ஒரு சங்கதி தெரிய வேண்டும்.

மின்சாரக் கிதாரில் கம்பிகளுக்குக் கீழே “பிக்கப்” என்று ஒரு பொருள் இருக்கும். அது காந்தமும், அதைச் சுற்றிய மிக மெல்லிய கம்பிச் சுருளும் சேர்ந்தது. மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரந்தான் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சத்தமாக வருகிறது.

சில பிக்கப்களில் ஒரு சுருள் இருக்கும். சிலவற்றில் இரண்டு சுருள் இருக்கும். ஒற்றைச் சுருளுக்கு எஸ். என்று அடையாளம். இரட்டைச் சுருளுக்கு எச். என்று அடையாளம். ஆகவே எச்.எஸ்.எஸ். என்றால், “இந்தக் கிதாரில் மூன்று பிக்கப், ஒன்று இரட்டை, இரண்டு ஒற்றை” என்று அர்த்தம்.

மூன்று எழுத்தில் ஒரு கிதாரின் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள்! இப்படிப்பட்ட சுருக்கம் எத்தனை வந்தாலும் வரட்டும்.

“வாயுத் தொல்லை”

சில சொற்கள் சிரிக்க வைப்பதற்காகவே பிறந்தவை.

ஜி.ஏ.எஸ். என்ற மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் “காஸ்” என்று வரும். அதாவது வாயு. “எனக்குக் காஸ் வந்துவிட்டது” என்று ஒரு கிதார்காரர் சொன்னால், சீரகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அவருக்கு வயிற்றில் தொல்லை இல்லை, பையில்தான் தொல்லை!

“கிதார் வாங்கிக் குவிக்கும் நோய்” என்ற பொருள் தரும் இங்கிலீஷ் சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. ஸ்டீலி டான் என்ற அமெரிக்க இசைக் குழுவின் கிதார் கலைஞர் வால்டர் பெக்கர், 1990-களில் ஒரு கிதார் பத்திரிகையில் இதைத் தமாஷாக எழுதினார். அந்தச் சொல் தீப்போலப் பரவியது. பிறகு கிதார் மட்டும் அல்லாமல், எந்தச் சாமானை வாங்கிக் குவித்தாலும் அந்தப் பெயரே வந்தது.

வீட்டில் ஐந்து கிதார் இருக்கும். ஆறாவது வந்து இறங்கும். “இது எதற்கு?” என்று மனைவி கேட்பாள். “காஸ்!” என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். நம் வீடுகளில் பீரோ நிறையப் புடவை இருக்கும்போது இன்னொரு புடவை வரவில்லையா? அதுபோலத்தான். தன் குறையைத் தானே கேலி செய்துகொள்கிற சொல் இது. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கணவனின் சம்பளத்துக்கு மட்டும் கொஞ்சம் கெடுதல்!

இன்னொரு சொல், “நோகாஸ்டர்”. இதற்கு ஒரு கதையே இருக்கிறது.

கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்று ஒருவர் இருந்தார். 1909-இல் பிறந்தவர். ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் பெயரில் உள்ள கிதார்தான் இன்று உலகம் முழுவதும் ஒலிக்கிறது!

1950-இல் அவர் கொண்டுவந்த கிதாருக்குப் “பிராட்காஸ்டர்” என்று பெயர் வைத்தார். கிரெட்ச் என்ற பழைய கம்பெனி, “அந்தப் பெயரில் நாங்கள் முரசு விற்கிறோமே!” என்று 1951-இல் தந்தி கொடுத்தது. பெண்டர் சண்டைக்குப் போகவில்லை. பெயரை மாற்றச் சம்மதித்தார்.

புதுப் பெயர் வரும் வரை வேலையை நிறுத்த முடியுமா? தொழிற்சாலையில் கிதாரின் தலையில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டை எடுத்தார்கள். “பிராட்காஸ்டர்” என்ற பகுதியைக் கத்தரித்தார்கள். “பெண்டர்” என்பதை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். பிறகு அதே ஆண்டில் “டெலிகாஸ்டர்” என்ற பெயர் வந்தது. டெலிவிஷன் புதிதாகப் பரவிய காலம் அது.

பெயரே இல்லாமல் போன அந்தச் சில மாதத்துக் கிதார்களுக்குப் பழம்பொருள் சேர்ப்பவர்கள் “நோகாஸ்டர்” என்று பட்டம் சூட்டினார்கள். “இல்லாத காஸ்டர்” என்று பொருள்! வேடிக்கைக்கு வைத்த பட்டத்தைப் பிற்காலத்தில் அந்தக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரிலேயே புதுக் கிதார் செய்து விற்றது.

கேலியாகப் பிறந்த சொல், கடையில் விலைச் சீட்டாக மாறிவிட்டது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்று எழுத்துக்கு எவ்வளவு விலை?

இனி, பையில் கையை விடும் சொற்களுக்கு வருகிறேன்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு குறை உண்டு. வீட்டு மின்சாரத்தின் “ம்...ம்...” என்ற இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்ற நிபுணர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். ஒரு சுருளில் வரும் இரைச்சலை, மற்றொரு சுருளில் வரும் இரைச்சல் அழித்துவிடும். கம்பியின் நாதம் மட்டும் தங்கும். “ஹம்பக்கர்” என்று அதற்குப் பெயர். இரைச்சலை எதிர்ப்பது என்று பொருள்.

1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். 1957-இல் இந்தப் பிக்கப் கிப்சன் கிதார்களில் வந்தது. 1959-இல் காப்புரிமை கிடைத்தது.

இடைக்காலத்தில் பிக்கப்பின் அடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார்கள். “காப்புரிமைக்கு மனுச் செய்யப்பட்டுள்ளது” என்று அதில் எழுதியிருந்தது. காப்புரிமை கிடைத்த பிறகும் சில காலம் அதே சீட்டையே ஒட்டினார்கள். அந்த இங்கிலீஷ் சொற்களின் முதல் எழுத்துக்கள்தான் பி.ஏ.எப்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். இது ஓர் ஆபீஸ் குறிப்பு. “மனுப் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை” என்று அர்த்தம். அவ்வளவுதான்!

ஆனால் இன்று “பி.ஏ.எப்.” என்ற மூன்று எழுத்தைச் சொன்னால் கிதார் பிரியர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அந்தக் காலத்துப் பிக்கப் ஒரு ஜோடி பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. அவற்றில் பல உண்மையிலேயே இனிமையானவை. அதை நான் மறுக்கவில்லை. சுருளின் சுற்றுகள் ஒரே அளவாக இல்லாத காலம் ஆகையால் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசமும் உண்டு. ஆனால் கிராக்கி அதிகமானதும் என்ன நடந்தது? அந்தச் சீட்டையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள்! பிக்கப் பழையது அல்ல. சீட்டும் பழையது அல்ல. விலை மட்டும் பழம்பொருள் விலை.

சீட்டை நம்புகிறவர்கள் இன்னொரு சங்கதியையும் கேட்க வேண்டும். பிறகு வந்த சீட்டில் கிப்சன் கம்பெனி ஒரு காப்புரிமை எண்ணை அச்சிட்டது. அது இந்தப் பிக்கப்பின் எண்ணே அல்ல! லெஸ் பால் என்ற கிதார் கலைஞர், கம்பிகளை மாட்டும் வால்பகுதிக்காக வாங்கிய காப்புரிமையின் எண். பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அச்சில் இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

ஒரு வழக்கு, நூறு விளம்பரம்

பழைய கிதார் விற்கிறவர்கள் “வழக்குக் கிதார்” என்று ஒரு சொல் சொல்லுவார்கள்.

1970-களில் ஜப்பான் நாட்டுத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிதார்களைப் போலவே அச்சாகச் செய்து அனுப்பின. விலை மலிவு. வேலைப்பாடும் வரவர நன்றாக இருந்தது. கிப்சனைச் சொந்தமாக வைத்திருந்த நார்லின் கம்பெனி 1977-இல் கோர்ட்டுக்குப் போனது. ஜப்பானின் ஐபானெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனியின் மேல் வழக்குப் போட்டது. கிதாரின் தலை வடிவத்தைப் பற்றிய தகராறு அது. ஐபானெஸ் அதற்கு முன்பே தலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. கடைசியில் இரு தரப்பும் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆகிவிட்டன.

நடந்தது ஒரே வழக்கு. அதுவும் ஒரு பெயருள்ள கிதாரைப் பற்றி. ஆனால் இன்று, 1970-களில் ஜப்பானில் செய்த எந்தக் கிதாரையும், யார் செய்திருந்தாலும், “வழக்குக் கிதார்” என்று விளம்பரம் செய்கிறார்கள்!

ஏன் தெரியுமா? “இது அசலைப் போலவே இருந்ததாம். அசல்காரனே பயந்து கோர்ட்டுக்குப் போனானாம்” என்று வாங்குகிறவன் மனத்தில் ஓர் ஆசை எழுகிறது. உடனே விலை ஏறுகிறது. கோர்ட்டுப் படியையே மிதிக்காத கிதாருக்கும் கோர்ட்டின் பெயரால் விலை!

வேறொரு சொல், “சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது”. 1965-இல் லியோ பெண்டர் தம் கம்பெனியைச் சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு ஸ்தாபனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்குப் பிறகு தரம் குறைந்தது என்று வாசிக்கிறவர்கள் குறை சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தரம் ஒரே ராத்திரியில் மாறவில்லை. பத்திரம் கைமாறிய மறுநாளும் அதே மரந்தான், அதே இயந்திரந்தான். இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

“ரெலிக்” என்ற சொல்லும் இந்த வகைதான். பழைய கிதாரைப் போலத் தோன்றுவதற்காகப் புதுக் கிதாரைக் கீறி, தேய்த்து, நிறத்தை உரித்து விற்பார்கள். பெண்டர் கம்பெனி 1995-இல் இதைத் தொடங்கியது. புதுப் பாத்திரத்தை நசுக்கி, “பாட்டி காலத்துப் பாத்திரம் போலவே இருக்கிறது” என்று கூடுதல் விலைக்கு விற்றால் நம் வீட்டுப் பெண்கள் வாங்குவார்களா? ஆனாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. “நாங்களே கீறினோம்” என்று சொல்லித்தான் கம்பெனி விற்கிறது. தெரிந்து வாங்குவது அவரவர் இஷ்டம். தெரியாமல் வாங்குவதுதான் நஷ்டம்.

தெரிந்தவர்களும் தவறுவார்கள்

“இந்தச் சொற்கள் எல்லாம் நிபுணர்கள் சொல்வது. நமக்கு என்ன தெரியும்?” என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் ஒரு நீண்ட கைப்பிடி இருக்கும். அதை அழுத்தினால் கம்பிகள் தளரும். சுரம் இறங்கும், ஏறும். லியோ பெண்டர் அதற்கு “டிரெமலோ” என்று பெயர் வைத்தார்.

இசை அகராதிப்படி பார்த்தால், டிரெமலோ என்பது ஒலி கூடிக் குறைவது. சுரம் ஏறி இறங்குவதற்கு “வைப்ரேட்டோ” என்று பெயர். ஆக, பெயர் மாறிப்போனது!

போகட்டும் என்று விட்டாலும், அதே கம்பெனி 1960-களில் செய்த ஒலிபெருக்கிகளைப் பாருங்கள். அவற்றில் ஒலி கூடிக் குறையும் வசதி உண்டு. அதற்கு என்ன பெயர் போட்டார்கள் தெரியுமா? “வைப்ரேட்டோ!” அங்கேயும் தலைகீழ்.

உலகப் புகழ் பெற்ற தொழிலதிபரே இரண்டு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டார். இன்று வரை கிதார்காரர்கள் அந்தத் தவற்றையே வழக்கமாகப் பேசி வருகிறார்கள். யாரும் வெட்கப்படவில்லை. அப்படி இருக்க, “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்க ஒரு புதியவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வாய் திறக்காத பையன்

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு சிற்றூர். பதினாறு வயதுப் பையன். கோடை விடுமுறையில் புல் வெட்டிப் பணம் சேர்த்திருக்கிறான். பழைய கிதார்க் கடைக்குள் போகிறான்.

கடையில் நான்கு பேர் நின்று, சுருக்கெழுத்துக்களாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அவனைப் பார்த்து, “எம்.ஐ.ஜே. வேண்டுமா, எம்.ஐ.எம். வேண்டுமா?” என்று கேட்கிறார்.

ஜப்பானில் செய்ததா, மெக்சிகோவில் செய்ததா என்பதுதான் கேள்வி. இதற்குமேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை. ஆனால் பையனுக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். “ஜே.” என்று ஏதோ சொல்லிவைக்கிறான். “அது வழக்குக் காலத்துச் சரக்கு” என்று விலையைக் கூட்டுகிறார்கள். புல் வெட்டிய பணம் முழுவதும் போகிறது.

அல்லது, ஒன்றும் வாங்காமல் திரும்பிவிடுகிறான். கிதார் ஆசையையே விட்டுவிடுகிறான். எனக்கு இதுதான் அதிக வருத்தம். பணம் மறுபடி வரும். வெட்கத்தால் விட்ட ஆசை மறுபடி வருமா?

அந்த நான்கு பேரும் கெட்டவர்கள் அல்ல. தங்களுக்குப் பழகிய பேச்சைப் பேசினார்கள். தாங்களும் ஒரு நாள் அந்த வாசலில் விழித்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இரண்டு வேண்டுகோள்

“குறிச்சொல் எல்லாம் ஒழிய வேண்டும்” என்று நான் சொல்ல மாட்டேன். மேடைக்குப் பின்னால் அவசரமாக வேலை செய்கிற இருவர், ஒவ்வொரு சொல்லையும் விரித்துப் பேசிக்கொண்டிருக்க முடியாது. நண்பர்கள் தங்களுக்குள் ஒரு சொல்லைச் சொல்லிச் சிரிப்பதிலும் தப்பு இல்லை. அது சிநேகத்தின் அடையாளம்.

தெரிந்தவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இது. புதியவன் முன்னால் ஒரு குறிச்சொல்லைச் சொன்னால், ஒரே ஒரு தடவை அதை விரித்துச் சொல்லுங்கள். அடுத்த தடவையில் இருந்து அவனும் உங்கள் கூட்டத்தில் ஒருவன். பணம் வாங்கும்போது மட்டும் இன்னும் கண்டிப்பு வேண்டும். விற்பனைச் சீட்டில் எழுத்தைச் சுருக்கக் கூடாது. எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு, எந்தப் பாகம் மாற்றியது என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். “சொல்லிவிட்டால் ரகசியம் போய்விடுமே” என்பார்கள். போகட்டும்! கிதார் வித்தை விரலில் இருக்கிறது. எழுத்தைச் சொல்லிக் கொடுத்ததால் யாருடைய விரலும் குறைந்துபோகாது.

இரண்டாவது வேண்டுகோள் வாங்குகிறவர்களுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது “கிதார் வேண்டும்” என்று கேட்கிறார்கள். கடைக்குப் போகிற பெற்றோர்கள் மூன்றே கேள்வி கேளுங்கள். “இந்த எழுத்துக்கு முழுச் சொல் என்ன?” “அதனால் சத்தத்தில் என்ன வித்தியாசம்? வாசித்துக் காட்டுங்கள்.” “அது இல்லாத கிதார் என்ன விலை?”

நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு பதில் சொல்லுவார். முகத்தைச் சுளித்தால், அடுத்த கடை இருக்கிறது.

கிதாருக்கு மட்டும் சொல்லுகிற யோசனை அல்ல இது. பாங்கிக்குப் போனால் “கே.ஒய்.சி. கொடுத்தாயா?” என்கிறார்கள். டெலிபோனில் யாரோ “ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்கிறார்கள். அது என்ன எழுத்து என்று கேட்காமல் சொல்லிவிட்டு, சேர்த்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்!

நம்மில் பலர் கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றவர்கள். சிலர் பேரப் பிள்ளையிடம் கற்றவர்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது பெரிய வெற்றி. பி, ஏ, எப் என்று மூன்று எழுத்தையும் படித்துவிடலாம். ஆனால் பொருள் அதற்குள் இல்லை. அதைச் சொல்லி வைத்தவன் மனத்தில் இருக்கிறது. அதை அவனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதும் படிப்பில் ஒரு பாகந்தான்.

அந்தக் கடைக்காரர்களும் “கோடரி என்றால் என்ன?” என்று ஒரு நாள் யாரிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கேட்காமல் தெரிந்துகொண்டவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, பையா, தயங்காதே. வாய் திறந்து கேள்!